பக்கிளின் பின்புறம்

மஞ்சக்குப்பம், கடலூர்
18.8.2024

மாமா,

போன் முழுதாக அடித்து ஓய்கிறது, நீங்கள் எடுப்பதில்லை. மூன்று நாளாக இதே கதை. பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தவர் வீட்டிலிருந்து வந்த கடிதத்தைப் பிரிக்காமல் வைக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். நலமா என்று கேட்கப்போவதில்லை. சிதம்பரத்தில் அக்கா கையால் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று தைலம்மாள் அண்ணியே சொல்லிவிட்டார்கள். "நல்லாத்தான் இருக்கான், மூஞ்சிதான் உர்ருன்னு இருக்கு" என்றார்கள். அது கல்யாணத்தன்றே அப்படித்தான் இருந்தது அண்ணி என்றேன்.

சரி, தப்பு என்னுடையது. உங்கள் டிரங்குப் பெட்டியைக் கேட்காமல் திறந்தேன். கம்பளிக்கு அடியில் சுருட்டி வைத்திருந்த பெல்ட்டை எடுத்துக் கண்காட்சியில் வைத்தேன். ஆனால் ஏன் வைத்தேன் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?

பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிற பழக்கத்தில் தலைமையாசிரியர் என்னிடம் கேட்டார், சுதந்திர தினத்திலிருந்து பத்து நாள் நான் சேர்த்த பட்டாளத்துச் சாமான்களைப் பள்ளிக் கூடத்தில் வைக்கலாமா என்று. இருபது வருடமாக நான் பழைய இரும்புக் கடைகளில் பொறுக்கிச் சேர்த்ததை "பித்தளைப் பைத்தியம்" என்று நீங்கள் உட்பட எல்லோரும் சிரித்திருக்கிறீர்கள். முதல்முறையாக ஒருவர் மதித்துக் கேட்கிறார். நாற்பத்தாறு பெல்ட் பக்கிள்களையும் வரிசையாக அடுக்கினேன். பர்மா போய்வந்த ஹாவர்சாக் தோள்பை, கம்பளி உறை போட்ட வாட்டர் பாட்டில், கைப்பிடி மடங்கும் மெஸ் டின் எல்லாம் வைத்தேன். வைத்துவிட்டுப் பார்த்தால் அத்தனையும் முகம் தெரியாதவர்களுடைய சாமான். என் வீட்டிலேயே ஒரு பட்டாளத்துக்காரர் இருக்கிறார், அவருடையது ஒன்றுகூட இல்லை. அதனால்தான் எடுத்தேன். அட்டையில் "ஹவில்தார் கொளஞ்சியப்பன், கார்கில் போர், 1999" என்று என் கையாலேயே எழுதினேன். நீங்கள் பார்த்துப் பெருமைப்படுவீர்கள் என்று நினைத்தேன்.

நீங்கள் வந்து கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றீர்கள். முகத்தில் ரத்தமே இல்லை. "யாரக் கேட்டு எடுத்த?" என்றீர்கள். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆளையும் காணோம், பையையும் காணோம்.

கோபத்தில் இருப்பவரிடம் சொல்லக்கூடாதுதான், ஆனால் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது. முதுநகர் பழைய இரும்புக் கடைப் பொன்னுரங்கம் அண்ணன் நேற்று ஒரு பெல்ட்டைக் காட்டி உலகப்போர் காலத்தது என்று சத்தியம் செய்தார். ஓரத் தையலில் ஒரு நூலைப் பிரித்துத் தீக்குச்சியில் காட்டினேன். பருத்தி நூலாக இருந்தால் சாம்பலாகும். இது உருகி மணியாக உருண்டது. நைலான். "அண்ணே, இந்த உலகப்போர் போன வருஷம் நடந்ததா?" என்றேன். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

மாத்திரை எடுத்துப் போகவில்லை. அங்கேயே வாங்கிப் போடுங்கள்.

சந்திரா


சிதம்பரம்
21.8.2024

சந்திரலேகாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பிரித்தேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றபோது இருந்தது. பஸ் கெடிலம் பாலம் தாண்டுவதற்குள் போய்விட்டது. பிறகு ஏன் இறங்கித் திரும்பி வரவில்லை என்று நீ கேட்பாய்.

பெல்ட்டை உடனே எடுத்து, இருந்த இடத்தில் வை. முக்கியமாக அந்த அட்டையை எடுத்துவிடு. பக்கிளின் பின்புறம் இருக்கும் நம்பரை அட்டையில் ஏன் எழுதினாய்? அதை யார் கேட்டார்கள்? பெயர் எழுதினாய், போர் எழுதினாய், போதாதா?

இதுவரை யாராவது அந்தப் பெல்ட்டைப் பற்றி விசாரித்தார்களா என்று எழுது.

மாத்திரை வாங்கிவிட்டேன். அக்கா தினமும் குழம்பில் உப்பு ஜாஸ்தி போடுகிறாள். சொன்னால் "உன் பொண்டாட்டி போடறது கம்மி, அதுல பழகிட்ட" என்கிறாள்.

வாட்டர் பாட்டில் உறையை வெயிலில் காயப்போடாதே. கம்பளி சுருங்கும்.

கொளஞ்சி


மஞ்சக்குப்பம், கடலூர்
25.8.2024

மாமா,

விசாரித்தார்கள்.

முதலில் நம்பர் விஷயம். எங்களைப் போல் சாமான் சேர்க்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பொருளில் என்ன பொறித்திருக்கிறதோ அதை அப்படியே அட்டையில் எழுதவேண்டும். நமக்குப் புரியவில்லை, பொருந்தவில்லை என்று விடக்கூடாது. உங்கள் பக்கிளைத் திருப்பிப் பார்த்தபோது அது உங்கள் பட்டாள நம்பர் இல்லை என்று எனக்கு உடனே தெரிந்தது. கல்யாணமாகிப் பத்து வருடம் ஒவ்வொரு கடித உறை மேலும் உங்கள் நம்பரை எழுதியவள் நான். பட்டாளத்தில் யாரோ விட்டுப்போன பழைய பெல்ட்டைக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். அதில் இருந்தபடியே எழுதினேன்.

இருபத்திரண்டாம் தேதி மதியம் ஒரு பெண் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் ஒரு ஃபைல். பென்ஷன் புத்தகத்தில் பெயர் திருத்த வந்திருக்கிறார். ஆபீஸ் சுவரில் கண்காட்சி நோட்டீஸைப் பார்த்திருக்கிறார், பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் எட்டிப் பார்த்திருக்கிறார். வருகிறவர்கள் எல்லோரும் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் ஒரு சுற்றுச் சுற்றிப் போய்விடுவார்கள். இவர் உங்கள் பெல்ட் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. உதடு அசைந்தது. அட்டையை வாசிக்கிறார் என்று பக்கத்தில் போனேன். அட்டையை அவர் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இது எங்க வீட்டுக்காரரோட நம்பருங்க" என்றார். "உயிரோட இருக்கேன்னு வருஷா வருஷம் நவம்பர் மாசம் எழுதிக் குடுக்கணும்ல, பென்ஷனுக்கு. அதுல இந்த நம்பரத்தான் எழுதுறேன். இருவத்தஞ்சு வருஷமா எழுதுறேன்."

அவர் பெயர் ஜான்சி. ஊர் குமராட்சி, அங்கே சத்துணவுக் கூடத்தில் வேலை. கணவர் ஆரோக்கியராஜ், கார்கில் சண்டை நேரத்தில் மலையில் லாரி உருண்டு இறந்தவர்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தேன். அவர் மேலும் சொன்னார். "அவரோட பெட்டி வீட்டுக்கு வந்தப்ப உள்ள ஒரு பெல்ட் இருந்துச்சு. அவரு இடுப்புல இருந்து எடுத்ததுன்னாங்க. ஆனா நம்பர் அவரோடது இல்ல. யாரோடதுன்னு கேக்க எனக்கு ஆளில்ல. தூக்கிப் போடவும் மனசு வரல. வச்சிருக்கேன்." அந்த நம்பரையும் ஒப்பித்தார்.

மாமா, கடைசி மூன்று எண் முன்னூற்று எட்டு. அது உங்கள் நம்பர்.

அவர் அப்போதுதான் அட்டையில் உங்கள் பெயரைப் படித்தார். "கொளஞ்சியப்பன்னா, எங்க வீட்டுக்காரர் கடுதாசியில வர்ற கொளஞ்சி மச்சானா? கடலூர்லயா இருக்காரு?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். குரலில் கோபம் இல்லை. சொந்தக்காரரைக் கண்டுபிடித்தது போலத்தான் கேட்டார். என் வீட்டுக்காரர்தான் என்றேன். "ஒரு தடவ வந்துட்டுப் போகச் சொல்லுங்கண்ணி" என்றார். விலாசமும் போன் நம்பரும் எழுதிக் கொடுத்திருக்கிறார். இத்துடன் வைத்திருக்கிறேன்.

சிதம்பரத்திலிருந்து குமராட்சிக்கு மினி பஸ்ஸில் அரை மணி நேரம். லீவுக்கு வந்தபோதும் அதற்குப் பிறகும் எத்தனை தடவை அக்கா வீடு வரை போயிருக்கிறீர்கள். அவர் பெயரை ஒரு நாள்கூட என்னிடம் சொன்னதில்லை. என்ன நடந்தது?

பெல்ட் இப்போது பெட்டியில் இருக்கிறது. அட்டையைக் கிழித்துவிட்டேன்.

சந்திரா


சிதம்பரம்
1.9.2024

சந்திரா,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதையும் கிழிப்பதற்குள் அக்காவிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லப்போகிறேன்.

ஆரோக்கியராஜும் நானும் ஒரே மாவட்டம் என்பதால் பக்கத்துப் பக்கத்துப் படுக்கை. எங்கள் முகாமில் அவன் பித்தளைதான் பித்தளை. தினமும் தேய்ப்பான். சண்டை நடந்துகொண்டிருக்கும்போதும் தேய்ப்பான். "குண்டு விழற எடத்துல இத எவன்டா பாக்கப்போறான்" என்று கேட்டால் "நான் பாக்கறேன்ல" என்பான். நான் சோம்பேறி. என் பக்கிள் எப்போதும் பச்சை பூத்துக் கிடக்கும்.

அன்று காலை பெரிய அதிகாரி ஒருவர் முகாமுக்கு வருவதாகச் செய்தி. மரியாதைக்கு வாசலில் நிற்க ஆறு பேரைப் பொறுக்கினார்கள். உயரம் பார்த்துப் பொறுக்கியதில் நானும் மாட்டிக்கொண்டேன். தேய்க்க நேரமில்லை. அவனுக்கு அன்று ரேஷன் லாரியில் டியூட்டி. தன் பெல்ட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினான். "இதக் கட்டிக்க மச்சான். நான் மூட்டையோட மூட்டையா போறேன், என் இடுப்ப யாரு பாக்கறா" என்றான். என்னுடையதை அவன் கட்டிக்கொண்டான். ஒரு நிமிஷ வேலை. எங்களுக்குள் அது சாதாரணம். பரேடுக்கு நிற்கிறவனுக்கு நல்ல பெல்ட் உள்ளவன் கொடுப்பான், சாயங்காலம் திரும்பி வந்துவிடும்.

வந்த அதிகாரியோடு மேலே உள்ள காவல் போஸ்ட்டுக்குப் போக எங்களில் இருவரை அனுப்பினார்கள். நான் போனேன். மழையில் ரோடு உட்கார்ந்து லாரி கீழே போனது எனக்குத் தெரியாது. யார் மேலும் தப்பில்லை, மலை அப்படி. வண்டியிலிருந்து எடுத்தவர்களை முகம் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவன் நம்பர் பொறித்த கழுத்துத் தகடு கிடைக்கவில்லை. பெல்ட்டைத் திருப்பிப் பார்த்து என் பெயரை எழுதியிருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் மாலை நான் இறங்கி வந்தேன். என் படுக்கையைச் சுருட்டிக் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சமையல்காரன் கையிலிருந்த டப்பாவைக் கீழே போட்டான். பிறகுதான் எல்லோரும் என் இடுப்பைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அந்த இரண்டு நாளும் நம் தெருவுக்கு நான் செத்ததாகச் செய்தி வந்ததை நீ அறிவாய். யாரோ தவறாகச் சொல்லிவிட்டார்கள் என்று உன்னிடம் முடித்துவிட்டேன். குமராட்சிக்கு என்ன செய்தி போனது தெரியுமா? லீவில் இறங்கிய ஒருவன் நல்லெண்ணத்தில் அங்கேயும் போன் செய்திருக்கிறான். கொளஞ்சி போய்விட்டான், உங்கள் ஆரோக்கியராஜ் பத்திரமாக இருக்கிறான் என்று. இரண்டு நாள் கழித்து அதை மாற்றிச் சொன்னார்கள்.

அந்தப் பெண்ணுக்கு அந்தப் பொய்யைச் சொன்னது என் பெல்ட். அப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது. அவன் பெட்டியை அனுப்பும்போது பெல்ட்டைக் கழற்றி அதில் வைத்திருக்கலாம். வைத்தால் எழுதவேண்டும், ஏன் என்னிடம் இருந்தது என்று. எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. லீவில் வந்தபோது போகலாம் என்று நினைத்தேன். அப்போது அவன் மகளுக்கு மூன்று வயது என்று கேள்விப்பட்டேன். போகவில்லை. ஒரு வருடம் போகாமல் இருந்தால் அடுத்த வருடம் போவது இன்னும் கஷ்டமாகிறது. அப்படியே இருபத்தைந்து ஆகிவிட்டது.

நீ அந்த நம்பரைக் கண்ணாடிக்குள் வைத்துக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாய். உன்மேல் கோபப்படுவது சுலபமாக இருந்தது, பட்டேன்.

கொளஞ்சி


மஞ்சக்குப்பம், கடலூர்
5.9.2024

மாமா,

உங்கள் கடிதத்தைத் தையல் கடையிலேயே பிரித்துவிட்டேன். அளவு கொடுக்க வந்த பெண்ணிடம் தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கினேன். நன்றாக அழுதேன். எனக்கு வந்த கோபத்தையும் எழுதிவிடுகிறேன். இருபத்தைந்து வருடம் என்னோடு குடும்பம் நடத்திக்கொண்டு இதை என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறீர்களே. நான் என்ன, மூன்றாம் மனுஷியா?

இப்போது நான் சொல்கிறேன், கேளுங்கள்.

அந்த ஒன்றரை நாளும் நான் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரையும் கிட்டே விடவில்லை. உங்கள் வாசனை உள்ள துணி ஏதாவது இருக்கிறதா என்று பீரோவைக் கவிழ்த்தேன். எல்லாம் துவைத்து மடித்தது. உங்களுடையது என்று கட்டிப்பிடிக்க ஒன்றும் இல்லை. மறுநாள் சாயங்காலம் தெருமுனை பூத்தில் கூப்பிட்டார்கள். "சந்திரா, நான்தான்" என்றீர்கள். போனை வைத்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? கடையில் சர்க்கரை வாங்கித் தெரு முழுக்க எல்லோர் வாயிலும் போட்டேன். துக்கம் கேட்க வந்தவர்களை எல்லாம் கட்டிப்பிடித்தேன்.

அப்படியானால் இறந்தது யார் என்று நான் கேட்கவில்லை மாமா. அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. நீங்கள் இல்லை என்றால் போதும் என்று இருந்துவிட்டேன். நான் சர்க்கரை கொடுத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில்தான் குமராட்சியில் அந்தப் போன் மறுபடி அடித்திருக்கும். நீங்கள் மட்டும் போகாமல் இருந்தீர்கள் என்று நினைக்காதீர்கள். நான் பெயரைக்கூடக் கேட்காமல் இருந்தேன்.

எதுக்குடி இந்தப் பித்தளையைச் சேர்க்கிறாய் என்று கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். பொழுதுபோக்கு என்று சொல்லிச் சமாளிப்பேன். உண்மை இதுதான். நீங்கள் பட்டாளத்தை விட்டு வந்த வருடம் பொன்னுரங்கம் அண்ணன் கடைத் தராசில் ஒரு பக்கிள் கிடந்தது. எடைக்கு உருக்கப் போகிறது. திருப்பிப் பார்த்தேன், பின்னால் ஒரு நம்பர். இந்த ஆள் வீட்டுக்குத் திரும்பினானா இல்லையா என்று நினைத்ததும் அதைக் கீழே வைக்க முடியவில்லை. நாற்பத்தாறையும் அப்படித்தான் எடுத்து வந்தேன். நாற்பத்தாறில் ஒருவரைப் பற்றிக்கூட எனக்குப் பதில் தெரியாது. தேடவும் வழி இல்லை. நம் வீட்டுப் பெட்டியில் இருந்த ஒன்றுக்கு மட்டும் பதில் கேட்டு ஒரு பெண் நேரில் வந்து நிற்கிறார்.

நீங்கள் குமராட்சிக்குப் போகாமல் இந்த வீட்டுக்கு வராதீர்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. போகாவிட்டாலும் வாருங்கள், இது உங்கள் வீடு. ஆனால் போய்விட்டு வாருங்கள் மாமா. நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

சந்திரா


சிதம்பரம்
9.9.2024

சந்திரா,

நேற்று போனேன். முழுதாகப் போகவில்லை.

மினி பஸ்ஸில் குமராட்சியில் இறங்கினேன். வழியெல்லாம் கொள்ளிடத்துத் தண்ணீர் வடிந்த வயல்கள், சேற்று வாடை. டீ குடித்துக்கொண்டே கடைக்காரரிடம் சத்துணவு ஜான்சி வீடு எது என்று கேட்டேன். "அதோ பச்ச கேட்டு. நீங்க யாரு, பட்டாளமா?" என்றார். எப்படித் தெரிந்தது என்றேன். "நிக்கிறதப் பாத்தாலே தெரியுதே" என்றார். பச்சை கேட் நூறு அடி தூரத்தில் இருந்தது. கேட்டுக்குள் கொடியில் துணி காய்ந்தது. வந்த பஸ்ஸே திரும்பி நின்றது. ஏறிவிட்டேன்.

பனிமலையில் ஏறியவன் நூறு அடி நடக்க முடியாமல் வந்தேன் என்று அக்காவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் அவளிடமும் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. "நீ அவுங்களுக்கு என்ன சொல்லப்போறன்னு பயப்படுற. அவுங்க என்ன கேக்கப்போறாங்கன்னு போய்த்தான் பாரேன்" என்றாள்.

வெறும் கையோடு போனதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பெல்ட்டை அனுப்பி வை.

கொளஞ்சி


மஞ்சக்குப்பம், கடலூர்
11.9.2024

மாமா,

பெல்ட் இந்தப் பார்சலில் இருக்கிறது. பழைய பருத்தித் துணியில் சுற்றியிருக்கிறேன், பிளாஸ்டிக்கில் போட்டால் வேர்க்கும். தயவுசெய்து தேய்க்காதீர்கள். உங்களுக்குத் திடீரென்று சுறுசுறுப்பு வந்தாலும் தேய்க்காதீர்கள். அதில் உள்ள கடைசிப் பளபளப்பு அவர் கையால் வந்தது. பூத்த பச்சைக்கு அடியில் இன்னும் இருக்கிறது. சாமான் சேர்க்கிறவள் சொல்கிறேன், நம்புங்கள்.

நான் ஜான்சிக்குப் போன் செய்தேன். நீங்கள் பஸ் ஸ்டாப் வரை வந்து திரும்பியதைச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், மறைத்தது எல்லாம் போதும். அவர், "ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சு பத்து மணிக்கு வந்துருவேன். கேட்ட தெறந்தே வச்சிருக்கேன்னு சொல்லுங்கண்ணி" என்றார்.

நானும் வரட்டுமா என்று கேட்க நினைத்தேன். வேண்டாம். இது நீங்கள் தனியாகப் போகவேண்டிய இடம். சட்டை இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள்.

சந்திரா


சிதம்பரம்
15.9.2024

சந்திரா,

நாளைக் காலை வண்டியில் வருகிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, என் கையாலேயே கொண்டுவந்து தருவேன். எனக்கு இதை வாயால் சொல்ல வராது. நீ படி, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

கேட் திறந்திருந்தது. ஜான்சி வாசலுக்கே வந்து, "வாங்கண்ணே" என்றாள். சுவரில் அவன் படம். அதில் அவனுக்கு இருபத்தெட்டு வயது. நான் ஐம்பத்தாறு வயதில் அவன் முன்னால் போய் நின்றேன்.

பெல்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததைச் சொல்லிவிட்டேன். மாற்றிக் கட்டிக்கொண்டது, இரண்டு நாள், பெட்டியில் வைக்காதது, வராதது எல்லாம். நான் முடித்ததும், "அந்த ரெண்டு நாள் நான் உங்களுக்காக ஜெபம் பண்ணேண்ணே" என்றாள். "கொளஞ்சி அண்ணன் ஆத்துமா சாந்தியடையணும்னு மெழுகுவத்தி ஏத்துனேன். உங்க சம்சாரத்த நெனச்சு அழுதேன். ஆனா உள்ளுக்குள்ள, நம்ம ஆளு இல்லப்பான்னு ஒரு சந்தோஷம். அதுக்கு நானும் ரொம்ப நாள் கூசிக்கிட்டுதான் கெடந்தேன். அண்ணிகிட்ட சொல்லுங்க." சொல்லிவிட்டேன். நீ சர்க்கரை கொடுத்ததை நானும் அவளிடம் சொன்னேன். தப்பாக நினைக்காதே. அவள் தலையை ஆட்டினாள், அவ்வளவுதான்.

அவள் உள்ளே போய் என் பெல்ட்டை எடுத்துவந்து அவன் பெல்ட் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் யாரும் தொடவில்லை. என்னைத் திட்டுவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அன்னிக்கிக் காலையில அவரு என்னண்ணே சாப்பிட்டாரு?" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் மறுபடி கேட்டாள். "பெரிய பெரிய ஆளுங்க வந்தாங்க, கொடி குடுத்தாங்க, பேசினாங்க. எல்லாருமே அவரு செத்ததத்தான் சொன்னாங்க. அன்னிக்கிக் காலையில உசுரோட இருந்தாருல்ல, அதப் பாத்தவங்க யாருமே வரல. நீங்க பாத்தீங்கல்ல. எந்திரிச்சதுலேர்ந்து சொல்லுங்க."

சந்திரா, நான் குனிந்துவிட்டேன். இத்தனை வருடம் நான் திருப்பிக் கொடுக்க வேண்டியது அந்தப் பெல்ட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அந்தக் காலைதான் வேண்டியிருந்தது. அது என் ஒருவனிடம்தான் இருந்தது. நான் பயந்து அதை அவளுக்குக் கொடுக்காமலே வைத்திருந்தேன்.

சொன்னேன். இரண்டு ரொட்டி, பருப்பு, இரண்டு மக் டீ. இரண்டாவது மக் என்னுடையது, பிடுங்கிக் குடித்தான். வெந்நீர் இல்லாமல் ஷேவ் செய்து தாடையில் வெட்டிக்கொண்டு காகிதத்தைக் கிழித்து ஒட்டினான். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்தால் மகளுக்கு எந்தக் கலரில் கவுன் எடுப்பது என்று கேட்டான். மஞ்சள் என்றேன். குழந்தை கருப்பு, மஞ்சள் எடுக்காது என்றான். ஜான்சி அங்கேயே நிறுத்தி, "அவ கருப்பில்ல, இவரு கலரு" என்று படத்தைப் பார்த்துச் சண்டை போட்டாள். அந்த மகள் இப்போது சென்னையில் நர்ஸ்.

முடித்ததும், "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள். சொன்னேன். சாப்பாடு போட்டாள், மீன் குழம்பு. சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் மூன்றாவது முறை கேட்டாள். அப்போதுதான், நான் எனக்கே சொல்லிக்கொள்ளாத ஒன்று ஞாபகம் வந்தது. லாரி கிளம்பிவிட்டது. நான் வாசலில் விறைப்பாக நிற்கிறேன், திரும்பிப் பார்க்கக்கூடாது. அவன் மூட்டைகள் மேல் உட்கார்ந்துகொண்டு, அத்தனை பேர் முன்னால், தமிழில் கத்தினான். "மச்சான், பெல்ட்டு உனக்கு லூஸுடா. நிக்கிறப்ப பேண்ட்டு அவுந்துரப் போவுது, கைல புடிச்சிக்க." நான் சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். லாரி வளைவில் திரும்பும்வரை அவன் சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஜான்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது. பிறகு அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இருவத்தஞ்சு வருஷமா அவரு பேசுனதெல்லாம் பழைய பேச்சாவே வச்சிக்கிட்டிருந்தேண்ணே" என்றாள். "இன்னிக்கித்தான் புதுசா ஒண்ணு பேசியிருக்காரு."

கொளஞ்சி